கல்லுப்புக்கும் கற்கண்டுக்கும் நடுவில் ஒரு படிப்பு

பாலக்கோட்டு ஐயாவுக்கு வணக்கம்.

எம்.எஸ்சி. வேதியியல் கடைசி வருடம் படிக்கும் மகள், 'கரிம எதிரயனிகளின் ஹைட்ரஜன் பிணைப்பு வலைகளில்' பிஎச்.டி. செய்யப்போகிறேன் என்றதும் கலங்கிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். சொந்தக்காரர்கள் பி.எட். சேர்க்கச் சொல்கிறார்கள். சரி, அது என்ன படிப்பு என்று முதலில் பார்ப்போம்.

உங்கள் அடுப்படியில் கல்லுப்பும் கற்கண்டும் இருக்கும். இரண்டும் படிகம்தான். உப்பைக் கட்டிப்போட்டிருப்பது நேர், எதிர் மின்சுமைகளின் இழுப்பு. கற்கண்டில் சர்க்கரை மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால், அதாவது ஒன்றின் ஹைட்ரஜனை இன்னொன்றின் ஆக்சிஜன் இழுப்பதால், ஒன்றையொன்று பிடித்திருக்கின்றன. கரிம எதிரயனி என்பது எதிர் மின்சுமை உள்ள கார்பன் சேர்மத் துகள். மகள் எடுக்கும் பொருள்களில் இந்த இரண்டு பிடியும் சேர்ந்தே இருக்கும். உதாரணமாக, நேர் மின்சுமை உள்ள குவானிடினியம் அயனிக்குக் கொடுக்க ஆறு ஹைட்ரஜன். சல்போனேட் என்ற எதிரயனியின் மூன்று ஆக்சிஜன்களில் வாங்கிக்கொள்ள ஆறு இடம். கணக்கு நேராவதால் இரண்டும் சேர்ந்து தேன்கூடு மாதிரி வலை பின்னிக்கொள்ளும். இப்படி முன்கூட்டியே கணித்துப் படிகம் வளர்ப்பதுதான் இந்தத் துறை. எனக்கு இதில் அலுக்காத வியப்பு உண்டு. இதன் முன்னோடிகளில் ஒருவரான கௌதம் தேசிராஜு, நமக்குப் பக்கத்தில் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் பணியாற்றியவர்.

வேலை எங்கே என்கிறீர்கள். மூட்டுவலிக்கு வாங்கும் டைக்ளோஃபினாக் சோடியமும் ஒரு கரிம எதிரயனியின் உப்புதான். ஒரே மருந்து வேறு படிகமாக மாறினால் கரையும் அளவும் மாறிவிடும். 1998-இல் எச்.ஐ.வி. மருந்தான ரிட்டோனாவிரில் எதிர்பாராமல் சரியாகக் கரையாத புதுப் படிகம் தோன்றியதால், அந்தக் கேப்சூலையே சந்தையிலிருந்து எடுக்க வேண்டிவந்தது. அதனால்தான் மருந்து நிறுவனங்கள் படிகம் தெரிந்தவர்களைத் தேடுகின்றன.

ஆனால் தலைப்பை மட்டும் நம்பிச் சேர வேண்டாம். அந்த ஆய்வகத்தில் படிகத்துக்குள் அணுக்கள் அடுக்கியிருக்கும் விதத்தை அறிய உதவும் ஒற்றைப்படிக எக்ஸ்-கதிர் கருவி இருக்கிறதா, இல்லாவிட்டால் மாதிரியை எங்கே அனுப்புகிறார்கள், கருவி தரும் தரவிலிருந்து அந்த அணு அமைப்பைத் தீர்க்கும், அதாவது கண்டுபிடிக்கும், வேலையை மாணவர்களே செய்கிறார்களா என்று மகள் நேரில் போய்க் கேட்கட்டும். வேறொருவர் தீர்த்துக் கொடுத்தால் பட்டம் வரும், தொழில் கைக்கு வராது.

அப்புறம் பணம். அறிவியல் ஆய்வுக்கான தேசியத் தகுதித் தேர்வான சி.எஸ்.ஐ.ஆர். நெட்டில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வாளர் தகுதி கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. கடைசி வருடத்திலேயே விண்ணப்பிக்கலாம். உதவித்தொகை இல்லாமல், கடன் வாங்கிப் பிஎச்.டி. சேர்ப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இரண்டு முறை நெட் எழுதட்டும். அதுவரை பி.எட். பேச்சை வீட்டில் எடுக்காதீர்கள், அதை எம்.எஸ்சி. முடித்தவர் பிறகும் படிக்கலாம்.