வரலாற்றுக் கட்டுரைக்கு முதன்மைச் சான்றுகளை எங்கே தேடுவது?

முதுகலை வரலாறு படிக்கும் ஒருவரின் கேள்வி இது. சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சம் (1876–78) பற்றி அவர் கட்டுரை எழுத வேண்டும். முதன்மைச் சான்று, அதாவது அந்தக் காலத்தவர்களே விட்டுச்சென்ற எழுத்தோ படமோ, இல்லாமல் பேராசிரியர் ஏற்க மாட்டாராம். எங்கே போய்த் தேடுவது என்று கேட்கிறார்.

எடுத்த எடுப்பில் சென்னை எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு ஓடாதீர்கள். பஞ்சம் நடந்தபோது அதைப் பற்றி எழுதிவைக்க வேண்டிய தேவை யாருக்கெல்லாம் இருந்தது என்று முதலில் யோசியுங்கள். நிவாரணக் கூலி கொடுத்த அரசாங்கம், நிலவரி வசூலித்த கலெக்டர், சாவைக் கணக்கெடுத்த சுகாதார அதிகாரி, நன்கொடை திரட்டிய கமிட்டி, பத்திரிகைக்காரர், பாட்டுக் கட்டிய புலவர். இவர்கள் ஒவ்வொருவரும் எழுதியது ஒவ்வோர் இடத்தில் கிடக்கிறது. யாருடைய எழுத்து வேண்டும் என்று தெரிந்துவிட்டால் இடம் தானாகத் தெரியும்.

அடுத்து, தலைப்பைச் சுருக்குங்கள். நானாக இருந்தால் கூலித் தகராறை எடுத்துக்கொள்வேன். 1877 தொடக்கத்தில் வைஸ்ராய் லிட்டன் அனுப்பி வந்த ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்றார். ஒரு பவுண்டு என்பது சுமார் 450 கிராம். வெயிலில் மண் வெட்டிச் சுமக்கிறவனுக்கு அது காணாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்தார். இருவரும் எழுத்திலேயே மோதிக்கொண்டதால் நமக்குச் சான்று கிடைத்தது. வில்லியம் டிக்பி 1878ல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்ட பஞ்ச வரலாற்றில் இந்தச் சண்டை விரிவாக இருக்கிறது. இன்டர்நெட் ஆர்க்கைவ் (archive.org) இணையதளத்தில் இலவசமாகவே படிக்கலாம். ஆனால் டிக்பி அப்போது சென்னையில் பத்திரிகை ஆசிரியர், நிவாரண நிதிக் கமிட்டியின் செயலாளர். அவரும் அந்தச் சண்டையில் ஒரு கட்சிதான். அதனால் அரசாங்கம் அமைத்த பஞ்சக் கமிஷனின் 1880 அறிக்கையையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஒரே சம்பவத்தை இரண்டு பேரும் எப்படிச் சொல்கிறார்கள் என்று காட்டினாலே கட்டுரைக்கு உயிர் வந்துவிடும்.

எண்ணிக்கைக்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இருக்கிறது. சேலம் மாவட்டத்தில் 1871ல் சுமார் 19.67 லட்சம் பேர், 1881ல் சுமார் 16 லட்சம் பேர். பார்த்தவுடன் நெஞ்சு கனக்கும். ஆனாலும் குறைந்தவர்கள் எல்லோரும் செத்தவர்கள் என்று எழுதிவிடாதீர்கள். பஞ்சத்தில் பிழைப்புத் தேடி இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குப் போனவர்கள் ஏராளம். பிறக்காமல் போன குழந்தைகளும் அந்த இடைவெளியில் இருக்கிறார்கள்.

ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி எடுத்த படங்கள் இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். எலும்பும் தோலுமான மனிதர்களை வரிசையாக உட்காரவைத்து எடுத்தவை. படத்தை ஒட்டிவிட்டு நகர்ந்துவிடாமல் அதையும் ஓர் ஆவணமாகவே படியுங்கள். அவர்களை அப்படி உட்காரச் சொன்னது யார்? யார் பார்ப்பதற்காக? படத்தில் ஒருவருக்குக்கூடப் பெயர் ஏன் இல்லை? இந்தக் கேள்விகளை அந்த மனிதர்களுக்காக நாம் கேட்டே ஆக வேண்டும்.

பத்திரிகை தேடும்போது வருடத்தைப் பாருங்கள். 'தி இந்து' தொடங்கியதே 1878 செப்டம்பரில், சுதேசமித்திரன் 1882ல். இந்தப் பஞ்சத்தின் நடுவில் அவை இல்லை. அன்றைய சுதேசிப் பத்திரிகைகளின் செய்திகளை அரசாங்கம் தன் உபயோகத்துக்காக ஆங்கிலத்தில் சுருக்கித் தொகுத்து வைத்திருந்தது. அந்த அறிக்கைகளைக் கேட்டுப் பாருங்கள். எதை எடுப்பது, எதை விடுவது என்பது அரசாங்கத்தின் கையில் இருந்தது, அதை மறக்க வேண்டாம்.

தமிழ்ப் பக்கத்தை விட்டுவிடாதீர்கள். பஞ்சத்தைப் பாடும் கும்மிப் பாட்டுகள் அச்சாகியிருக்கின்றன. வில்லியப்ப பிள்ளையின் பஞ்சலட்சணத் திருமுகவிலாசம் 1899ல் வந்தது. பஞ்சம் முடிந்து இருபது வருடம் கழித்து அச்சான நூல் அது. எனவே அன்று என்ன நடந்தது என்பதைவிட, அது எப்படி நினைவில் நின்றது என்பதற்கே வலுவான சான்று. தமிழ் மின்னூலகத்திலும் தரமணி ரோஜா முத்தையா நூலகத்திலும் இப்படிப்பட்ட பழைய அச்சு நூல்களைத் தேடலாம். 'பஞ்சம்' என்று மட்டும் போடாமல் 'தாது வருஷம்' என்றும் தேடுங்கள்.

இவ்வளவும் படித்த பிறகு எழும்பூருக்குப் போங்கள். துறைத்தலைவரிடம் ஒரு கடிதமும் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். "பஞ்சம் பற்றி ஏதாவது இருக்கிறதா" என்று கேட்டால் அங்கிருப்பவர்களால் உதவ முடியாது. படித்த நூல்களின் அடிக்குறிப்புகளிலிருந்து வருவாய் வாரிய நடவடிக்கைகளின் (நிலவரியைக் கவனித்த அரசு வாரியத்தின் பதிவுகள்) எண்ணையும் தேதியையும் குறித்துக்கொண்டு போனால், அந்தத் தொகுதியையே எடுத்துத் தரச் சொல்லிக் கேட்கலாம். கையில் வந்ததும், குறிப்பெடுக்கும் முன்பே துறை, எண், தேதி, பக்கம் நான்கையும் தாளின் தலையில் எழுதிவிடுங்கள்.

எந்த மாவட்டத்தை எடுக்கிறீர்கள் என்று கீழே சொன்னால், அதன் பழைய மாவட்ட மானுவலில் (ஆங்கிலேயர் காலத்து மாவட்ட விவர நூல்) எந்த அத்தியாயம் பார்க்க வேண்டும் என்று தேடிச் சொல்கிறேன்.