சம்பளச் சண்டை நிர்வாகத்தோடு, அடி விழுந்தது கூட்டாளிக்கு

கேள்வி: அமெரிக்கக் கால்பந்தில் பிலடெல்பியா ஈகிள்ஸ் என்ற நல்ல அணியை டெரல் ஓவன்ஸ் ஒருவரே குட்டிச்சுவராக்கினார். தனக்குப் பந்து எறிந்துகொடுத்த டோனவன் மக்நாபையே பழித்தார். இப்படிப்பட்ட திமிர் பிடித்த நட்சத்திரங்களை முதல் நாளே துரத்திவிடுவதுதானே அணிக்கு நல்லது? (வாசகர் ஒருவர், நியூஜெர்சி)

பதில்: முதல் நாளே துரத்தியிருந்தால் நீங்கள் இன்றும் நெஞ்சில் வைத்திருக்கும் அந்த 2004 பருவமே உங்களுக்கு வாய்த்திருக்காது. அதற்கு முந்தைய மூன்று பருவங்களிலும் ஈகிள்ஸ் அணி சூப்பர் பவுல் என்ற இறுதிப் போட்டிக்கு ஒரு படி கீழே வரை வந்து தோற்றது. ஓவன்ஸ் சேர்ந்த ஆண்டில் 16 ஆட்டங்களில் 13 வெற்றி. அவர் ஆடியது 14 ஆட்டங்கள். பிடித்த பந்துகள் 77, கடந்த தூரம் 1,200 யார்டு, பந்தோடு எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுக்கும் டச்டவுன் 14. இதில் மக்நாபின் கைக்கும் பாதிப் பங்கு உண்டு.

இந்த ஆட்டத்தைப் பார்த்திராத வாசகர்களுக்காக ஒன்று சொல்கிறேன். குவார்ட்டர்பேக் பந்தை எறிபவர், ரிசீவர் ஓடிப் பிடிப்பவர். பல நேரங்களில் ரிசீவர் திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே பந்து கையை விட்டுப் போய்விடும். இத்தனை அடி ஓடி, இந்த இடத்தில் திரும்புவான் என்று நம்பி, இன்னும் யாருமே வந்து சேராத இடத்துக்கு எறிகிறார். அவரைக் கீழே சாய்க்க நாலைந்து பேர் பாய்ந்து வரும்போது, கண்ணை அவர்கள் பக்கம் திருப்பாமல் இதைச் செய்ய வேண்டும். ரிசீவர் திரும்பும்போது பந்து முகத்துக்கு நேரே வந்திருக்கும். ஒருவர் அரை நொடி பிந்தினாலும் பந்து எதிரணிக்குப் போய்விடும். அந்த இருவரும் 2004இல் இதை அத்தனை அழகாகச் செய்தார்கள்.

2004 டிசம்பர் 19 அன்று டல்லஸ் அணியுடன் ஆடும்போது ஓவன்ஸின் கால் எலும்பு முறிந்தது. அறுவை செய்து உலோகத் தகடும் திருகாணிகளும் பொருத்தினார்கள். அறுவை நடந்து ஏழு வாரம்கூட ஆகவில்லை. அறுவை செய்த மருத்துவர் ஆட ஒப்புதல் தரவில்லை. அந்தக் காலோடு 2005 பிப்ரவரி 6 அன்று ஜாக்சன்வில்லில் சூப்பர் பவுல் ஆடினார். ஒன்பது பந்துகளைப் பிடித்து 122 யார்டு சேர்த்தார். திமிர் பிடித்தவர் என்று எழுதினீர்களே, அணிக்காகத் தன் காலையே பணயம் வைத்தவரும் இவர்தான். இதை மறந்துவிட்டு அவரைப் பற்றிப் பேசுவது நியாயம் இல்லை.

அந்த ஆட்டத்தில் நியூ இங்கிலாந்து 24, ஈகிள்ஸ் 21. கடைசி ஆறு நிமிடத்துக்குள் 10 புள்ளி பின்தங்கி நின்றபோது ஈகிள்ஸ் அணி அவசரமே காட்டாமல் நகர்ந்தது. ஒரு டச்டவுனுக்கு ஏறக்குறைய நான்கு நிமிடத்தைச் செலவழித்தது. மக்நாப் சோர்ந்துவிட்டார் என்ற பேச்சு அங்கேதான் முளைத்தது. அன்று அவர் 51 முறை எறிந்தார், மூன்று டச்டவுன் தந்தார், மூன்று பந்துகளை எதிரணியிடம் பறிகொடுத்தார், நான்கு முறை பந்தோடு வீழ்த்தப்பட்டார். சோர்ந்தாரா இல்லையா என்று என்னைக் கேட்டால், சோர்ந்திருந்தாலும் குற்றம் இல்லை என்பேன்.

ஓவன்ஸ் அதைக் குற்றமாக்கினார். அந்த ஏப்ரலில், சூப்பர் பவுலில் களைத்துப்போன ஆள் தான் இல்லை என்று பத்திரிகையாளரிடம் சொன்னார். பெயர் சொல்லவில்லை, சொல்லவேண்டிய தேவையும் இல்லை. ஓவன்ஸ் செய்த தவறு என்று நான் எண்ணுவது இதைத்தான். தோற்ற இரவில் உடை மாற்றும் அறையில் மக்நாபின் முகத்துக்கு நேரே கேட்டிருந்தால் அது இருவருக்குள் முடிந்திருக்கும்.

அப்போது அவருடைய உண்மையான வழக்கு வேறு. ஏழு ஆண்டுக்கு, ஏறக்குறைய 4.9 கோடி டாலர் ஒப்பந்தத்தை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். கையெழுத்திட்டு ஓராண்டில் கேட்கலாமா என்று பலர் கொதித்தார்கள். நான் கொதிக்கமாட்டேன். அவர்கள் ஆடிய லீகில் அப்போது ஒப்பந்தத் தொகையின் பெரும்பகுதிக்கு உத்தரவாதம் கிடையாது. கால் உடைந்தால் அணி மறு வருடமே ஆளை நீக்கிவிடலாம். எழுதியதை அணி மீறலாம், ஆட்டக்காரர் மீறக்கூடாது என்பது என்ன நீதி? ஓவன்ஸ் கேட்டது நியாயமான கூலி. அந்தச் சண்டையை அவர் நிர்வாகத்தின் வாசலிலேயே வைத்திருக்க வேண்டும். ஆகஸ்டில் பயிற்சியாளர் ஆண்டி ரீட் அவரை ஒரு வாரம் வீட்டுக்கு அனுப்பியபோது, கேமராக்கள் பார்க்கத் தன் வீட்டு முற்றத்தில் சட்டையில்லாமல் உடற்பயிற்சி செய்தாரே, அதுகூட யாரையும் புண்படுத்தவில்லை.

நவம்பரில் சொன்னது புண்படுத்தியது. மக்நாபுக்குப் பதிலாக வேறு அணியின் பிரெட் ஃபாவ்ர் குவார்ட்டர்பேக்காக இருந்தால் அணி இன்னும் நன்றாக ஆடியிருக்கும் என்ற கருத்தைப் பேட்டியில் ஒப்புக்கொண்டார். 1999இல் அணி தேர்ந்தெடுத்த அன்றே பிலடெல்பியா ரசிகர்களின் கூச்சலை வாங்கியவர் மக்நாப். 2003இல் ஒரு தொலைக்காட்சி வர்ணனையாளர், கறுப்பினத்தவர் என்பதால்தான் ஊடகங்கள் அவரை உயர்த்திப் பேசுகின்றன என்றார். அப்படிப்பட்டவரிடம், உன் இடத்தில் வெள்ளைக்காரர் ஃபாவ்ர் இருந்தால் நல்லது என்று இன்னொரு கறுப்பின ஆட்டக்காரர் சொன்னால் எப்படி இருக்கும்? கறுப்பினத்தவர் கறுப்பினத்தவருக்கே இழைக்கும் குற்றம் அது என்று மக்நாப் பிறகு மனம் நொந்து சொன்னார். அந்த வலியை நான் முழுதாக நம்புகிறேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இருவருக்கும் இடையே பேச்சே அற்றுப்போன அந்த 2005இலும் ஏழு ஆட்டங்களில் ஓவன்ஸ் 763 யார்டு சேர்த்தார். வாய் பேசாதபோதும் கையும் காலும் ஒன்றையொன்று மறக்கவில்லை. கெட்டுப்போனது உடை மாற்றும் அறைதான். ஓவன்ஸ் பக்கமா, மக்நாப் பக்கமா என்று எல்லோரும் யோசிக்கவேண்டிய நிலை வந்தது. அணியின் முன்னாள் வீரர் ஹியூ டக்ளஸோடு ஓவன்ஸுக்குக் கைகலப்பு வரை போனது. அவருக்கு நான்கு ஆட்டங்களுக்கு இடைநீக்கம், பிறகு அந்தப் பருவம் முழுக்க வெளியே. ரீட் வேறென்ன செய்திருக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் துரத்தியதால் அணி தேறியது என்று மட்டும் எழுதாதீர்கள். ஓவன்ஸ் இருந்தவரை நான்கு வெற்றி, மூன்று தோல்வி. அவர் போனபின் இரண்டு வெற்றி, ஏழு தோல்வி. மக்நாபும் காயத்தால் அந்த நவம்பரிலேயே களத்தை விட்டு வெளியேறியிருந்தார்.