பெட்டியை இறக்குகிறேன், மறுபடி ஏற்றிவைக்கிறேன்

பிப்ரவரி 2021

வணக்கம் மேடம்,

எனக்கு 29 வயது. எம்.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டு ஐந்து வருடம் ஒரு பயிற்சி மையத்தில் பேச்சு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். போன வருடம் மார்ச்சில் மையத்தை மூடினார்கள், அப்புறம் திறக்கவே இல்லை, கடைசி இரண்டு மாதச் சம்பளமும் வரவில்லை. அதிலிருந்து வீட்டிலிருந்தபடி சில பிள்ளைகளுக்கு ஆன்லைனில் வகுப்பு எடுக்கிறேன். பாதிப் பேர் கேமராவை அணைத்துவிடுவார்கள். நான் கறுப்புக் கட்டங்களைப் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பேன்.

வெளிநாட்டில் ஆங்கில ஆசிரியராக வேலை பார்க்க வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பதற்கான 120 மணி நேர டெஃபல் (TEFL) சான்றிதழை 2019-லேயே வாங்கிவிட்டேன். முதலில் சீனாதான் மனதில் இருந்தது, ஆனால் 2020 மார்ச் 28 முதல் அங்கே விசா வைத்திருந்த வெளிநாட்டவரையே உள்ளே விடவில்லை. பிறகு டோயிக் (TOEIC) என்ற ஆங்கிலத் திறன் தேர்வு எழுதி தாய்லாந்துக்கு முயற்சி செய்தேன். நவம்பரில் அங்கே ஒரு பள்ளி வீடியோவில் நேர்காணல் நடத்தி வேலையும் கொடுத்துவிட்டது. மே மாதம் சேர வேண்டும், இந்த மாதக் கடைசிக்குள் முடிவு சொல்லுங்கள் என்கிறார்கள்.

சந்தோஷப்பட வேண்டிய நேரம். ஆனால் என்னால் முடியவில்லை. அப்பாவுக்கு 63 வயது, சர்க்கரை இருக்கிறது, இரண்டு வருடத்துக்கு முன் ஸ்டென்ட் வைத்தோம். என்னோடு வேலை பார்த்த தோழி ஒருத்தி வெளிநாட்டில் இருக்கிறாள். ஆகஸ்டில் அவளுடைய அப்பா இறந்தபோது விமானமே இல்லை. எல்லாவற்றையும் போனில் பார்த்தாளாம், சார்ஜ் தீரும்வரை. அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. இரவு இரண்டு மணிக்கு எழுந்து அந்த நாட்டில் இன்று எத்தனை பேருக்குத் தொற்று, இங்கே எத்தனை பேருக்கு என்று மாற்றி மாற்றிப் பார்க்கிறேன். அலமாரி மேலே இருக்கும் பெட்டியை இறக்கித் துடைப்பேன், இரண்டு நாள் கழித்து மறுபடி மேலே ஏற்றிவைப்பேன். போன இடத்தில் எனக்கே கொரோனா வந்தால் யார் பார்ப்பார்கள் என்ற பயமும் இருக்கிறது.

அம்மா ஒன்றும் சொல்வதில்லை. கூடவே இருக்கும் அண்ணன், “உலகமே வீட்டுக்குள் இருக்கும்போது உனக்கென்ன கிறுக்கா?” என்கிறான். அப்பா மட்டும் “உன் இஷ்டம்மா” என்று சொல்லிவிட்டார். அதோடு எங்கேயோ போனில் பார்த்துக் கற்றுக்கொண்டு, தினமும் காலையில் நான் அறையைவிட்டு வெளியே வரும்போது “சவாதி க்ராப்” என்கிறார். அது தாய் மொழியில் வணக்கம். நான் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறேன்.

போகலாமா, வேண்டாமா? நீங்களே ஒரு பதில் சொல்லிவிடுங்கள் மேடம்.

– ஒரு வாசகி

அன்புத் தோழிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். உங்களுக்கு நோய் வருமோ என்ற பயம் அதில் ஒரே ஒரு வரிதான், அதுவும் கடைசியில் நினைவு வந்து சேர்த்த மாதிரி இருக்கிறது. மற்றதெல்லாம் அப்பா. அதனால் தாய்லாந்து பாதுகாப்பானதா என்ற கேள்வியோடு நீங்கள் இரவெல்லாம் மல்லுக்கட்டுவதாக எனக்குத் தோன்றவில்லை. அப்பாவுக்கு ஒன்று என்றால் வரமுடியாமல் போய்விடுமோ என்பதுதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது. அந்தக் கேள்விக்கு இரவு இரண்டு மணிக்குப் பார்க்கும் எந்த எண்ணிலும் பதில் கிடைக்காது.

எண்களைப் பார்க்கும்போது என்ன நடக்கிறது என்று கவனித்துப் பாருங்கள். குறைந்திருந்தால் பத்து நிமிஷம் நிம்மதி, கூடியிருந்தால் வயிற்றைப் பிசையும், எப்படியானாலும் அடுத்த இரவு மறுபடி பார்க்கத் தோன்றும். நிச்சயம் இல்லாத நிலையை மனம் தாங்காதபோது இப்படித்தான் எதையாவது சரிபார்த்துக்கொண்டே இருக்கும், சரிபார்க்கச் சரிபார்க்கப் பதற்றமும் வளரும். பெட்டியை இறக்குவதும் ஏற்றுவதும் அதே கதைதான். பகலில் ஒரே ஒரு தடவை, அரசாங்கத் தகவலை மட்டும் பாருங்கள். இரவில் போனை வேறு அறையில் வையுங்கள். இரண்டு வாரம் இப்படி இருந்தும் தூக்கம் வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது என்றால், விசா வேலையைத் தொடங்கும் முன் ஒரு மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ நேரில் பாருங்கள். இப்போதைய (2021 பிப்ரவரி) கொரோனா விதிப்படி அங்கே போனதும் 14 நாள் ஹோட்டல் அறைக்குள் தனியாக இருக்க வேண்டும், தூக்கமில்லாத ஒருவருக்கு அது சுலபமான 14 நாள் இல்லை.

இப்போது வரமுடியாமல் போவதைப் பற்றி. இன்றைய (2021 பிப்ரவரி) விதிப்படி தாய்லாந்துக்குள் நுழைய தூதரகத்திடம் நுழைவுச் சான்றிதழ் வாங்க வேண்டும், விமானம் ஏறுவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டி-பிசிஆர் நெகட்டிவ் வேண்டும், கொரோனாவுக்கும் சேர்த்து ஒரு லட்சம் டாலருக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேண்டும். அவசரமாகக் கிளம்பி வந்தீர்கள் என்றால், திரும்பிப் போகும்போது இத்தனையையும் மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும், தனிமை நாட்கள் உட்பட. ரீ-என்ட்ரி பெர்மிட், அதாவது மறுபடி உள்ளே வருவதற்கான அனுமதி, வாங்காமல் நாட்டைவிட்டு வெளியே வந்தால் அங்கே தங்கும் அனுமதியே ரத்தாகிவிடும், அதனால் போன முதல் மாதமே அதை வாங்கி வைத்துவிடுங்கள். இவ்வளவும் செய்தாலும் விமானம் இல்லாத நாள் ஒன்று வரலாம். வராது என்று நான் சொன்னால் அது பொய். உங்கள் தோழிக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கலாம்.

இன்னொன்றையும் சொல்லவேண்டியிருக்கிறது, கோபப்படாதீர்கள். நீங்கள் வீட்டில் இருப்பதால் அப்பாவை நோய் தொடாது என்று இல்லை. நீங்கள் பக்கத்தில் இருந்தால் செய்யப்போவது என்ன? மாத்திரையைப் பார்த்து எடுத்துக்கொடுப்பீர்கள், சர்க்கரை அளவைக் குறித்துவைப்பீர்கள், மருத்துவமனைக்குக் கூட்டிப்போவீர்கள். அண்ணனிடம் “நான் போகட்டுமா” என்று கேட்டால் கிறுக்கு என்பார். “இந்த மூன்றையும் நீ பார்த்துக்கொள்வாயா, எந்த மருத்துவமனை, ஃபைல் எங்கே இருக்கிறது, ராத்திரி என்றால் யாரைக் கூப்பிடுவாய்” என்று கேட்டுப் பாருங்கள். அவர் திணறினால், நீங்கள் போனாலும் போகாவிட்டாலும் அதை இப்போதே சரிசெய்ய வேண்டும்.

என் கருத்தைக் கேட்டீர்கள், சரி, சொல்கிறேன். போகலாம் என்றே நினைக்கிறேன். ஆனால் மே மாதமே போயாக வேண்டும் என்று நினைக்கவில்லை. ஊரடங்குக்கு முன்பே சான்றிதழ் வாங்கியவர் நீங்கள், ஆகவே கறுப்புக் கட்டங்களிடமிருந்து தப்பி ஓடப் பார்க்கிறீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். இந்த ஆசைக்கு வயது அதிகம். ஆனால் இந்த அவசரத்துக்கு ஒரு வயதுதான் ஆகிறது. சம்பளம் இல்லாத ஒரு வருடம் முதுகில் கையை வைத்துத் தள்ளும்போது, மாதக் கடைசிக்குள் பதில் என்று ஒருவர் சொன்னால் அது கடைசி வாய்ப்பு மாதிரித்தான் தெரியும்.

அங்கே இரண்டாம் பருவம் நவம்பரில் தொடங்குகிறது. அப்போது சேரலாமா என்று பள்ளிக்கு எழுதுங்கள். உலகத்தில் பல இடங்களில் தடுப்பூசி போட ஆரம்பித்துவிட்டார்கள். நவம்பருக்குள் அப்பாவுக்கும் கிடைத்திருக்கலாம், அது உங்கள் தூக்கத்துக்கும் நல்லது. அதே மெயிலில் இதையும் கேளுங்கள்: 2020-இல் அங்கே மே மாதம் திறக்க வேண்டிய பள்ளிகள் ஜூலை 1-ஆம் தேதிதான் திறந்தன, இந்த ஜனவரியிலும் 28 மாகாணங்களில் மூடிவிட்டார்கள், மறுபடி அப்படி மூடினால் சம்பளம் முழுதாக உண்டா, பாதியா, இல்லையா? தனிமைப்படுத்தும் ஹோட்டலுக்கு யார் பணம் கட்டுவது? உங்களுக்கே நோய் வந்தால் விடுப்பு எப்படி, பள்ளியிலிருந்து யார் வந்து பார்ப்பார்கள்? குடும்ப அவசரத்துக்காகப் பாதியில் வந்தால் ஒப்பந்தத்தை முறித்ததாக அபராதம் கேட்பார்களா? அங்கே வேலை அனுமதி அந்தப் பள்ளியின் பெயரில்தான் இருக்கும், வேலை போனால் நாட்டில் தங்கும் உரிமையும் கூடவே போகும், அதனால் இவற்றை எழுத்தில் வாங்குங்கள். நல்ல பள்ளி இதற்கெல்லாம் வரிக்கு வரி பதில் சொல்லும். “கவலைப்படாதீர்கள், முதலில் சுற்றுலா விசாவில் வந்துவிடுங்கள், மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்” என்று எழுதினால் அந்த வேலையை விட்டுவிடுங்கள், நான் இதில் ரொம்பக் கறாராக இருக்கிறேன்.

அம்மா பேசாமல் இருப்பதை மறுப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவருக்கும் அதே பயம் இருக்கலாம். ஆனால் முதலில் அப்பா. “உன் இஷ்டம்மா” என்று மட்டும் சொன்னால் கைகழுவிவிட்டார் என்று நினைக்கலாம். ஆனால் மகள் போகப்போகும் நாட்டின் வணக்கத்தைத் தேடிக் கற்றுக்கொண்டு தினமும் கதவருகே நின்று சொல்கிற மனிதர், உங்களிடம் பேச வேறு வழி தெரியாமல் இப்படிப் பேசுகிறார் என்றுதான் எனக்குப் படுகிறது. நீங்கள் சிரித்துவிட்டு நகர்வதும் எனக்குப் புரிகிறது, நின்றால் அழுதுவிடுவீர்கள்.

நாளைக் காலை நகராதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, “உங்களுக்கு ஒன்று ஆகி, நான் வரமுடியாமல் போனால் என்ன செய்வதுப்பா?” என்று இதே வார்த்தைகளில் கேளுங்கள். அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. பேச்சை மாற்றினால் மறுநாளும் கேளுங்கள். பள்ளிக்கு எழுதும் மெயிலை அதற்கப்புறம் அனுப்பினால் போதும், மாதக் கடைசிக்கு இன்னும் நாள் இருக்கிறது.