காருக்கு வாங்கிய ஆயிலை பைக்கில் ஊற்றலாமா?

மிச்சமிருக்கும் கார் ஆயிலை பைக்கில் ஊற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். பெரும்பாலான கியர் பைக்குகளில் கிளட்ச் தட்டுகள் என்ஜின் ஆயிலிலேயே நனைந்து ஓடுகின்றன. பல கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்க ஏதாவது சேர்த்திருப்பார்கள். அதனால் கிளட்ச் வழுக்கும். முறுக்கினால் சத்தம்தான் வரும், இழுவை இருக்காது. டப்பாவில் ‘ஜாசோ எம்ஏ’ (JASO MA) அல்லது ‘எம்ஏ2’ என்று போட்டிருக்கிறதா பாருங்கள்; கிளட்ச் ஆயிலில் நனைந்து ஓடும் பைக்குக்கான தரக் குறி அதுதான். ‘எம்பி’ என்றால் ஸ்கூட்டருக்கு.

பாளையங்கோட்டை வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் சரி என்று சிலர் சொல்வார்கள். டப்பாவில் போட்டிருக்கும் 10டபிள்யூ-30 (10W-30) என்பதில் பின்னால் வரும் 30, ஆயில் 100 டிகிரி சூட்டில் எவ்வளவு கெட்டி என்பதைக் காட்டும் எண். நம்ம வெயில் அவ்வளவு இல்லையே! மேனுவலில் உள்ளதையே ஊற்றுங்கள்.

அப்புறம் ஏர் ஃபில்டர். திசையன்விளைப் பக்கம் தேரி மண்ணில், அதாவது செம்மணலில், ஓட்டுகிறவர் என்றால், ஆடிக் காற்று முடிந்ததும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். காகித ஃபில்டரைக் கழுவ வேண்டாம், மாற்றிவிடுங்கள்.