கேம்பர் வேனை வாங்கலாமா, வாடகைக்கு எடுக்கலாமா?

கேள்வி: என் கணவருக்கு 62 வயது, எனக்கு 58. காரைக்குடியில் இருக்கிறோம். அவர் ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் 30 லட்சத்தை ஒன்றரை வருஷத்துக்கு முன்பு மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 8.2% வட்டிக்குப் போட்டோம். வங்கி டெபாசிட் 6 லட்சம் அக்டோபரில் முதிர்கிறது. பென்ஷன் மாதம் 28,000. ராஜஸ்தான் பாலைவனத்தை கேம்பர் வேனில் சுற்றிப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் இருவருக்குமே ரொம்ப நாள் ஆசை. பழைய டெம்போ டிராவலரை 9 லட்சத்துக்கு வாங்கி, 5 லட்சத்தில் படுக்கை, அடுப்படி எல்லாம் வைத்து மாற்றலாம் என்கிறார் அவர். இதற்குச் சேமிப்புத் திட்டத்தில் கை வைக்கலாமா, நகையை அடகு வைக்கலாமா? பங்காளிகள் சேர்ந்து பூர்வீக வீட்டுக்கு ஓடு மாற்றுகிறார்கள், அதில் எங்கள் பங்கு 2 லட்சம். வேனை வாடகைக்கு எடுத்தால் நாளுக்கு 7,000 கேட்கிறார்கள்.

பதில்: ஆச்சி, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தக் குளிர்காலத்திலேயே போய்விட்டு வாருங்கள். இருவருக்கும் உடம்பு ஒத்துழைக்கிறபோதே போவதுதான் சரி. பயணத்துக்கு உங்களிடம் பணம் இருக்கிறது. வேன் வாங்கத்தான் இல்லை.

சேமிப்புத் திட்டத்தில் வேண்டிய தொகையை மட்டும் எடுக்க வழி கிடையாது, கணக்கையே மூட வேண்டும். ஒரு வருஷம் முடிந்து இரண்டு வருஷத்துக்குள் மூடினால் அசலில் 1.5% பிடிப்பார்கள். உங்கள் 30 லட்சத்துக்கு அது 45,000 ரூபாய். மிச்சத்தைத் திரும்பப் போட்டாலும் அன்றைய வட்டிதான், ஐந்து வருஷக் கணக்கும் முதலிலிருந்து ஓடும். இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் வருகிறதே, பென்ஷனோடு சேர்ந்து வீட்டை நடத்துவது அதுதான். அதைப் பாதியாக்கிக்கொள்ள வேண்டாம்.

உங்கள் கணவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். 14 லட்சத்துக்கு 8.2% என்றால் வருஷத்துக்கு 1,14,800 ரூபாய் வட்டி போய்விடும். வருஷத்தில் 12 நாள் ஊர் சுற்ற வாடகை 84,000தான். சொந்த வேன் வீட்டு வாசலில் சும்மா நின்றாலே அதைவிட அதிகம் தின்றுவிடும்! இன்சூரன்ஸ், வரி, எஃப்சி என்கிற தகுதிச் சான்று, பேட்டரி, டயர் எல்லாம் தனி. வண்டியின் விலை இறங்குவதையும் சேர்த்தால், வருஷத்துக்கு 40 நாளாவது ஓட்டினால்தான் சொந்த வேன் கட்டுபடியாகும் என்பது என் கணிப்பு.

வண்டியை மாற்றுவதிலும் சிக்கல் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி ஆர்டிஓ அனுமதி வாங்கி, ஆர்சி புத்தகத்திலும் பதிய வேண்டும். இருக்கையைக் கழற்றிப் படுக்கையும் கேஸ் அடுப்பும் வைத்துவிட்டு அப்படியே ஓட்டினால், விபத்து நடக்கும்போது இன்சூரன்ஸ்காரர்கள் கேட்கும் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும். வேலையை முடித்துத் தருகிற பட்டறைக்காரர் பலர் இதைப் பற்றிப் பேச்சே எடுப்பதில்லை.

காரைக்குடியிலிருந்தே ஓட்டிக்கொண்டு போவதும் வேண்டாம். ஜெய்சால்மர் போகவே 2,400 கி.மீ.க்கு மேல் ஆகும். மதுரையிலிருந்து பிகானேருக்கு அனுவ்ரத் என்று வாராந்திர ஏசி ரயில் இருக்கிறது. அதில் போய் அங்கே வேன் எடுத்து ஜெய்சால்மர், எல்லையோரத் தனோட், ஜோத்பூர் என்று சுற்றிவிட்டுத் திரும்பினால் 1,500 கி.மீ.க்குள் முடியும். 12 நாள் வாடகை 84,000, டீசல் 14,000, ரயில் 20,000, சாப்பாடு, ஜீப், நுழைவுக் கட்டணம் 40,000, அவசரத்துக்கு 30,000 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,88,000. அக்டோபரில் வரும் 6 லட்சத்தில் 2 லட்சம் பயணத்துக்கு, 2 லட்சம் பூர்வீக வீட்டு ஓடு மாற்றுவதற்கு, மீதி 2 லட்சத்தை மருத்துவம் போன்ற அவசரத்துக்கு அப்படியே விட்டுவிடுங்கள். நகையை எடுக்கவே வேண்டாம். ஊர் சுற்ற வாங்கிய கடனுக்கு, திரும்பி வந்த பிறகு பென்ஷனிலிருந்து வட்டி கட்டுவது மனசுக்கும் பாரம்.

வேன் எடுக்கும்போது நம்பர் பிளேட்டைப் பாருங்கள். நாமே ஓட்ட வாடகைக்கு விடும் வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். வெள்ளைப் பலகை என்றால் அது சொந்த உபயோக வண்டி. அதை வாடகைக்கு எடுத்து ஏதாவது ஆகிவிட்டால் நஷ்ட ஈடு கிடைப்பது கஷ்டம். அப்புறம், ஒப்பந்தத்தில் மணலில் இறங்கினால் யார் பொறுப்பு, முன்பணத்தில் எதற்கெல்லாம் பிடிப்பார்கள் என்பதைக் கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள். மணலில் புதைந்த வேனை டிராக்டர் வைத்து இழுக்கிற செலவு உங்கள் தலையில்தான் விழும். ஜெய்சால்மரிலிருந்து 40 கி.மீ. தள்ளியிருக்கும் சாம் மணல்மேட்டுக்குப் போனால் வேனைத் தார்ச்சாலையிலேயே நிறுத்திவிட்டு ஜீப்பிலோ ஒட்டகத்திலோ போங்கள்.

ஜெய்சால்மரில் பட்வா வணிகர்கள் 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய ஐந்து மாளிகைகளைத் தவறவிடாதீர்கள். நம்ம பக்கத்துப் பெரிய வீடுகளைப் போலவே, வறண்ட பூமியில் இருந்துகொண்டு தூர தேசத்து வியாபாரத்தில் சம்பாதித்தவர்கள் எழுப்பியவை. கல்லில் செதுக்கிய ஜன்னல்களைப் பார்த்தால் நகரவே மனசு வராது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் குளிர் 10 டிகிரிக்குக் கீழே போகும், கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள்.

ரயில் டிக்கெட்டை 60 நாள் முன்னதாகத்தான் எடுக்க முடியும், அதனால் அவசரமில்லை. வங்கி வேலைதான் அவசரம். டெபாசிட்டுக்குத் தானாகப் புதுப்பிக்கும் வசதி போட்டிருக்கிறதா என்று இந்த வாரமே கேளுங்கள். போட்டிருந்தால் எழுதிக் கொடுத்து நீக்கிவிடுங்கள். நீக்காவிட்டால் அக்டோபரில் பணம் மறுபடியும் டெபாசிட்டுக்குள் போய்விடும், அப்புறம் உடைத்தால் அதற்கும் வட்டியைக் குறைப்பார்கள்.