சோப்பு வியாபாரம்: நகையை அடகு வைக்கும் முன் ஒரு கட்டியின் கணக்கு

கேள்வி: கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். எனக்கு வயது 36. கணவருக்கு மாதம் ரூ.32,000 சம்பளம். இரண்டு பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். இரண்டு வருடமாக வீட்டிலேயே தேங்காய் எண்ணெயில் குப்பைமேனி, ஆவாரம்பூ சேர்த்துக் குளியல் சோப்பு செய்து, தெரிந்தவர்களுக்கு ஒன்று ரூ.80-க்குக் கொடுக்கிறேன். மாதம் 60, 70 போகிறது. வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டுப் பெங்களூரிலிருந்தும் கேட்கிறார்கள். ஒரு சோப்புக்கு ரூ.35 செலவு, மீதி லாபம். நகையை வைத்து ரூ.2.5 லட்சம் வாங்கி, மெஷின் போட்டு, பஸ் ஸ்டாண்ட் அருகே ரூ.6,000 வாடகையில் கடை எடுக்கலாம் என்று இருக்கிறேன். செய்யும் சோப்பைத் தாங்களே திரும்ப வாங்கிக்கொள்வதாக மெஷின் விற்பவர்கள் சொல்கிறார்கள். இறங்கலாமா?

பதில்: இறங்கலாம். ஆனால் நகை, மெஷின், கடை என்ற வரிசையில் வேண்டாம். முதலில் அந்த 35 ரூபாயைப் பார்ப்போம்.

ஒரு கிலோ எண்ணெயில் சோப்பு ஊற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தேங்காய் எண்ணெய் 700 கிராம், நல்லெண்ணெய் 200, விளக்கெண்ணெய் 100. தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் கிலோ ரூ.400, விளக்கெண்ணெய் ரூ.180 என்று போட்டால் எண்ணெய்க்கு மட்டும் ரூ.378. காஸ்டிக் சோடா சுமார் 160 கிராம், அதற்கு ரூ.16. வாசனை எண்ணெய், மூலிகைப் பொடிக்கு ரூ.80. மொத்தம் ரூ.474. காய்ந்தபின் 100 கிராமில் 13 கட்டி தேறும். ஓரம் வெட்டியது, உடைந்தது போக 12 என்று வையுங்கள். கட்டிக்கு ரூ.40 ஆகிவிட்டது. இன்னும் அட்டைப்பெட்டியும் லேபிளும் வரவில்லை; அதற்கு ரூ.8.

அடுத்தது உங்கள் உழைப்பு. எடை போட்டு, கலக்கி, ஊற்றி, வெட்டி, பேக் செய்து, பாத்திரம் கழுவி முடிக்க இரண்டு மணி நேரமாவது ஆகும். மணிக்கு ரூ.75 என்று குறைவாகப் போட்டாலும் கட்டிக்கு ரூ.13. கரண்ட், சாம்பிள், அங்கே இங்கே கொண்டுபோய்க் கொடுக்கும் பெட்ரோல் எல்லாம் சேர்த்து ரூ.4. ஆக, ரூ.65. நீங்கள் வாங்கும் விலையைப் போட்டு இதைத் திருத்திக்கொள்ளுங்கள். 2025-ல் தேங்காய் எண்ணெய் கிலோ ரூ.400-ஐத் தாண்டியது நினைவிருக்கும். உங்கள் ரூ.35 அதற்கு முந்தைய விலையில் போட்ட கணக்கு, அதுவும் கூலி சேர்க்காத கணக்கு என்று தோன்றுகிறது.

அப்படியானால் ஒரு சோப்பில் உங்களுக்கு நிற்பது ரூ.45 இல்லை, ரூ.15. நகைக்கடன் ரூ.2.5 லட்சத்துக்கு ஆண்டு வட்டி 12% என்றால் மாதம் ரூ.2,500. கடை வாடகையோடு ரூ.8,500. இதைக் கட்டுவதற்கு மட்டும் மாதம் 567 சோப்பு விற்க வேண்டும். இப்போது போவது 70. அந்த 70-லும் எத்தனை பேர் உறவுக்காக வாங்குகிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

எண்ணெய் விலை ஏறும்போது தேங்காய் எண்ணெயைக் குறைத்துப் பாமாயில் சேர்க்கத் தோன்றும். சேர்க்கலாம், ஆனால் காஸ்டிக் சோடா அளவும் கூடவே மாற வேண்டும். ஒரு கிலோ தேங்காய் எண்ணெய் சோப்பாக மாறச் சுமார் 183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். பாமாயிலுக்குச் சுமார் 142 கிராம் போதும். பழைய அளவிலேயே போட்டால் மிஞ்சும் காரம் தோலை எரிக்கும். நாலு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய், வாங்கியவர் வீட்டுக் குழந்தைக்குத் தடிப்பு வந்தால் வியாபாரமே முடிந்தது.

விலைக்கு வருவோம். கடைக்காரர் 30% கமிஷன் கேட்டால், எம்.ஆர்.பி. ரூ.80-ல் உங்கள் கைக்கு வருவது ரூ.56. அடக்கமே ரூ.65! அதாவது கடைக்குக் கொடுக்கும் ஒவ்வொரு கட்டியிலும் ரூ.9 நஷ்டம். எம்.ஆர்.பி. ரூ.120 வைத்தால் கடை வழியாக ரூ.84 வரும், ரூ.19 நிற்கும், நேரடியாக விற்றால் ரூ.55 நிற்கும். "120 ரூபாய்க்கு யார் வாங்குவார்கள்?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. அதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அடுத்த மூன்று மாதம், புதிதாக யாரையும் சேர்க்காமல், இப்போது வாங்குபவர்களிடம் மட்டும் ரூ.120 சொல்லிப் பாருங்கள். எத்தனை பேர் இரண்டாவது தடவையும் வாங்குகிறார்கள் என்று நோட்டில் எழுதி வையுங்கள். பாதிப்பேர் தொடர்ந்து வாங்கினால்கூட இது தொழில்தான்.

இன்னொரு விஷயம் உங்கள் கடிதத்தில் இல்லவே இல்லை: உரிமம். குளியல் சோப்பு சட்டப்படி அழகு சாதனப் பொருள். விற்பதற்காகத் தயாரித்தால், 2020-ம் ஆண்டு அழகு சாதனப் பொருள் விதிகளின்படி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் தயாரிப்பு உரிமம் வாங்க வேண்டும். கொஞ்சமாகத்தானே செய்கிறேன் என்பதற்கு விலக்கு கிடையாது. பத்துப் பொருள்கள் வரை உரிமக் கட்டணம் ரூ.10,000. அதைவிடப் பெரிய சிக்கல் இடம்தான். தயாரிக்கும் இடம் குடியிருக்கும் இடமாக இருக்கக் கூடாது, வீட்டோடு ஒட்டித் திறக்கும் அறையாகவும் இருக்கக் கூடாது. சமையலறையில் செய்வதை வைத்து உரிமம் வாங்க முடியாது. மேற்பார்வைக்குத் தகுதியான ஒருவரையும் காட்ட வேண்டும்.

அதனால்தான் சொல்கிறேன், வாடகை கொடுப்பதென்றால் பஸ் ஸ்டாண்ட் கடைக்குக் கொடுக்காதீர்கள். சோப்பு செய்யும் இடத்துக்குக் கொடுங்கள். ஊருக்குள் தண்ணீர் வசதியோடு ஒரு தனி இடம் இதைவிடக் குறைந்த வாடகையிலேயே கிடைக்கும். அட்வான்ஸ் கொடுக்கும் முன் இட வரைபடத்தோடு மாவட்ட மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் போய், இந்த இடம் ஒத்துவருமா என்று கேட்டுவிடுங்கள். தனி இடம் கட்டுப்படியாகாது என்றால், ஏற்கெனவே உரிமம் உள்ள ஒரு தொழிற்கூடத்தில் உங்கள் செய்முறைப்படி உங்கள் பெயரில் தயாரிக்கவும் விதிகளில் வழி இருக்கிறது. அதற்கும் தனியாக உரிமம் எடுக்க வேண்டும். கையால் செய்த சோப்பு என்ற பெருமை கொஞ்சம் குறையும், முதலீடு ரொம்பவே குறையும்.

லேபிளில் கை வைக்கும்போது கவனம். தேமல் போகும், படை குணமாகும் என்று ஒரு வரி போட்டாலும் சோப்பு மருந்துக் கணக்கில் போய்விடும். ஆயுர்வேத சோப்பு என்று அச்சடிக்க வேறு உரிமம் வேண்டும். தயாரிப்பாளர் முகவரி, நிகர எடை, எம்.ஆர்.பி., தயாரித்த மாதமும் வருடமும், புகார் சொல்லத் தொடர்பு எண் எல்லாம் இருக்க வேண்டும். எடையில்தான் பலரும் மாட்டுகிறார்கள். சோப்பு காயக் காய நீர் வற்றும். அச்சில் 100 கிராம் வெட்டி, பெட்டியில் 100 கிராம் என்று போட்டால், கடை அலமாரியில் அது 90-க்குள் வந்து நிற்கும். ஈரத்தில் 115, 120 கிராம் இருக்கும்படி வெட்டுங்கள்.

பெங்களூர் ஆர்டர் சந்தோஷமான செய்திதான். ஆனால் தமிழ்நாட்டுக்குள் விற்றால் ஆண்டு விற்பனை ரூ.40 லட்சம் வரை ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை, வெளிமாநிலத்துக்கு அனுப்பினால் விற்பனை எவ்வளவு குறைவாக இருந்தாலும் பதிவு செய்தாக வேண்டும். குளியல் சோப்புக் கட்டிக்கு 18% ஆக இருந்த வரி 2025 செப்டம்பர் 22 முதல் 5% ஆகிவிட்டது. வரி பாரமில்லை. விடாமல் கணக்குத் தாக்கல் செய்வதும் ஆடிட்டர் ஃபீஸும்தான் பாரம். மாதம் இருபது பார்சலாவது போகும் என்ற நிலை வரும்வரை பெங்களூரைத் தள்ளிவையுங்கள்.

சரி, உண்மையில் எவ்வளவு பணம் வேண்டும்? மாதம் 300 சோப்பு என்று போடுங்கள். மூலப்பொருள் ரூ.12,000, பெட்டி, லேபிள் ரூ.2,400. ஊற்றிய சோப்பு நாலு முதல் ஆறு வாரம் காய வேண்டும். அப்புறம் கடைக்காரர் ஒரு மாதம் கடன் சொல்வார். இன்று வாங்கும் எண்ணெய் பணமாகத் திரும்ப இரண்டரை மாதம் ஆகும் என்றால், சுழற்சிக்கு ரூ.36,000. கிராம் கணக்கில் காட்டும் தராசு, கை பிளெண்டர், அச்சுகள், கம்பியால் வெட்டும் கட்டர், காயவைக்க அலமாரி எல்லாவற்றுக்கும் ரூ.15,000 ஒதுக்குங்கள். உரிமமும் அட்வான்ஸும் சேர்த்தாலும் ரூ.1 லட்சத்தைத் தொடாது. இதற்கு நகை தேவையில்லை. சிறு தொழிலுக்கு வங்கிக் கடன் தரும் முத்ரா திட்டத்தில் ரூ.50,000 வரை சிசு பிரிவு, அதற்கு மேல் ரூ.5 லட்சம் வரை கிஷோர் பிரிவு. இரண்டுக்குமே அடமானம் கேட்கக் கூடாது. சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம், ஆதாரும் பான் எண்ணும் போதும். அதற்கு ஆயிரம் இரண்டாயிரம் கேட்பவர்களிடம் போகாதீர்கள்.

மாவட்டத் தொழில் மையத்தில் பி.எம்.இ.ஜி.பி. (மானியத்தோடு தொழில் கடன் தரும் மத்திய அரசுத் திட்டம்) பற்றியும் கேளுங்கள். கிராமப்புறப் பெண்களுக்குத் திட்ட மதிப்பில் 35% மானியம், கையிலிருந்து 5% போட்டால் போதும். ஆனால் புதிதாகத் தொடங்கும் தொழிலுக்குத்தான் அது. அதனால் வேறு எந்தக் கடனும் வாங்கும் முன்பே போய்க் கேட்பது நல்லது. மானியப் பணம் உடனே கையில் வராது. மூன்று ஆண்டுகள் வங்கியிலேயே டெபாசிட்டாக இருந்து பிறகுதான் கடனில் கழியும். கடன் இல்லாமல் கிடைக்கும் பணம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கடைசியாக மெஷின். அவர்கள் காட்டியிருப்பது அநேகமாகக் கலக்கி, பிழிந்து, முத்திரை குத்தும் செட்டாக இருக்கும். அது சோப் நூடுல்ஸை, அதாவது ஆலையில் ஏற்கெனவே தயாரான சோப்புத் துணுக்குகளை, வாங்கிப் போட்டுச் சோப்பு செய்யும் முறைக்கானது. நீங்கள் எண்ணெயிலிருந்து ஊற்றிக் காயவைக்கிறீர்கள். உங்கள் சோப்புக்கு அதில் வேலையே இல்லை. திரும்ப வாங்கிக்கொள்வோம் என்ற பேச்சையும் ஒருமுறை உரசிப் பாருங்கள். என்ன விலைக்கு, மாதம் எத்தனை, எத்தனை நாளில் பணம், தரம் சரியில்லை என்று திருப்பினால் யார் பொறுப்பு என்று முத்திரைத்தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். கூடவே, இப்படி ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருக்கும் மூன்று பேரின் போன் நம்பரைக் கேளுங்கள்.