போர் தண்ணீரில் கார் கழுவினால் வெள்ளைப் புள்ளி விழாமல் இருக்க என்ன செய்வது?

ஷாம்பூவை மாற்றியும் கறுப்பு காரில் வெள்ளைப் புள்ளி நிற்கவில்லை என்கிறீர்கள். ஷாம்பூ மேல் தப்பில்லை. போர் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியம் உப்புகள்தான் காரணம். துளி காயும்போது தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு பெயிண்ட் மேலேயே தங்கிவிடும். பாத்ரூம் பக்கெட்டில் வெள்ளையாகப் பிடிக்குமே, அதே சமாச்சாரம்.

ஆகவே துளியைத் தானாகக் காயவிடக் கூடாது. பானெட்டைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் அப்போது கழுவாதீர்கள். காலையிலோ வெயில் தாழ்ந்த பிறகோ, நிழலில் நிறுத்தி, மேற்கூரையில் தொடங்கி ஒவ்வொரு பகுதியாக முடியுங்கள். அலசியதும் மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். அப்புறம் கதவுகளை ஒருமுறை திறந்து மூடுங்கள். பக்கக் கண்ணாடி, கைப்பிடி இடுக்குகளில் ஒளிந்திருக்கும் தண்ணீர் வழிந்து வரும், அதையும் துடைத்துவிடுங்கள். பல புள்ளிகள் அங்கிருந்தும் வருகின்றன.

கடைசி அலசலுக்கு ஒரு பக்கெட் மழைத் தண்ணீரோ ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரோ கிடைத்தால் பிரமாதம். ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரை, வீணாகிறதே என்று சிலர் காருக்கு ஊற்றுகிறார்கள். வேண்டவே வேண்டாம், அதில் உப்பு இன்னும் அதிகம். அதை வீட்டுக் கழிப்பறையைக் கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே விழுந்த புள்ளிகளுக்கு, வெள்ளை வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து துணியில் நனைத்து ஒரு நிமிடம் ஒற்றி வையுங்கள். உடனே நன்றாக அலசிவிட வேண்டும். அதற்கும் போகாமல் குழி மாதிரித் தெரிந்தால் உப்பு மேல்பூச்சை அரித்துவிட்டது. சுரண்டாதீர்கள், பாலிஷ் போடத்தான் வேண்டும்.